ஆடி கழியட்டும் என்றாள்

பொன்செல்வி வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜெயகணேஷ் அதைத் தொடவில்லை. முதலாளியின் டாக்ஸியை எடுக்க விக்ரோலி போக வேண்டும். அவள் பக்கம் திரும்பாமல் சட்டையை மாட்டினான். புக்கிங் ரத்தானதிலிருந்து தாராவியின் அந்த ஒற்றை அறையில் இப்படித்தான் விடிகிறது.

சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கி ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. பெண் பேரில் வாங்கினால் சப்சிடி கூடுதல் என்றார்கள். அதனால் மனைவி பொன்செல்வி பேரில் புக் செய்தான். முன்பணத்துக்கு அவள் நகையெல்லாம் போயிற்று, தாலிதான் மிச்சம். ஜூலை முடிவதற்குள் அவள் ஷோரூம் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆடி மாதமாயிற்றே என்று அம்மா இழுத்தபோது, "பம்பாயில என்னம்மா ஆடி" என்று சிரித்துவிட்டான்.

ஆனால் பொன்செல்வி போகவில்லை. தலைவலி என்றாள், நாளைக்கு என்றாள். ஜூலை போனது, சப்சிடியும் போனது. முழு விலை கொடுக்க இவர்களால் ஆகுமா? "நான் நல்லாருக்கது ஒனக்குப் பொறுக்கல" என்று அன்றைக்கு ஒரு சொல் சொன்னான், பாவி மனுஷன். அவளும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

இன்று அவன் அம்மாவிடம் சொன்னான்: "இவள ஆண்டாப் ஹில்லுல அவ அண்ணன் வீட்டுல விட்டுரும்மா. மூஞ்சப் பாக்கவே பிடிக்கல."

பொன்செல்வி கொடியிலிருந்து தன் சேலையை எடுத்து மடித்தாள். அம்மா சீனியம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"என்னக் கொண்டு விடுல. போகாதன்னு தடுத்தது நாந்தான். ஆடியில புது ஆட்டோ எடுத்துத்தான ஒங்கண்ணன் போய்ச் சேந்தான்... ரோட்டுல கெடந்தவன அள்ளிட்டு வந்தோமே... ஆடி கழியட்டும் தாயின்னு இவ கால்ல விழுந்தேன். ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்."

ஜெயகணேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் பிள்ள சொல்லல?"

"சொன்னா அத்தகிட்டப் பேசமாட்டிய. அவிய தாங்கமாட்டாவ. நான் தாங்கிக்கிடுவேன்னு நெனச்சேன்... முடியல."

சீனியம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். ஆவணி பிறந்து நாளாகிவிட்டது. இனி அந்தக் கார் வராது என்று மூவருக்கும் தெரியும்.

போன் அடித்தது. முதலாளி. "ஆத்தா ஹூம் சேட்", இதோ வருகிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்தான்.

"போயிட்டு வாரேன் செல்வி."

அவள் தலையாட்டினாள். அவன் போன பிறகு, மடித்த சேலையை மறுபடி கொடியில் போட்டாள்.