வெறுங்கூண்டு

அன்புள்ள அண்ணைக்கு,

யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மேடையில் நீதிபதியின் கதிரையில் லயனல் மாஸ்ரர். அவருக்கு இடப்பக்கம் வழக்குப் பேசிக் குற்றஞ்சாட்டும் அப்புக்காத்தாக அன்புராஜா. வலப்பக்கம் மறுத்துப் பேசும் சீவரத்தினம். சன்னலோர நீள வாங்கில் தீர்ப்புச் சொல்லும் யூரிமாராகக் கீழ்வகுப்புப் பெடியங்கள். கூண்டின் பக்கத்தில் நான்.

கூண்டுக்குள் ஒருவருமில்லை.

கல்லூரியின் மாதிரி வழக்குக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அப்புக்காத்தாக நிற்கக் கேட்டேன். "உவன்ரை இங்கிலீசை வாழைநார் போட்டெல்லோ கட்டி வைச்சிருக்கு. ரெண்டு வரி சொன்னாப் போதும், முதலியாராய் நிக்கட்டும்" என்றான் அன்புராஜா. தமிழில் சொல்வதை நீதிபதித் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற முதலியார் வேலை எனக்கு வந்தது அப்படித்தான்.

வழக்கு, எங்கள் நீர்வேலியில் முன்னொரு காலம் நடந்த கொலை. கள்ளிறக்குகிற ஒருவனைத் தூக்கில் போட்டார்கள். கூண்டும் பழைய நீதிமன்றத்திலிருந்து ஏலத்தில் எடுத்த கூண்டுதான். விளையாட்டுக்கென்றாலும் தன் பிள்ளைக்குத் தூக்குத் தீர்ப்புச் சொல்ல எந்தத் தாய் சம்மதிப்பாள்? அதனால் கூண்டை வெறுமையாக விடுவதே வழக்கம். கேள்வியைக் கேட்டு, பதிலையும் முதலியாரே சொல்லிவிடுவார்.

போன வாரம் புதன் பின்னேரம் மழை. மண்டபம் மங்கிக் கிடந்தது. நான் வெறுங்கூண்டைப் பார்த்துக் கேட்டேன்: "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?"

புளித்த கள் மணந்தது.

"சுற்றவாளி, ஐயா. நான் ஒண்டும் செய்யேல்லை."

களைத்த குரல். பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

"நான் மரத்திலை நிண்டனான். கத்தியோடை போனவரை மேலை இருந்து கண்டனான். அவரின்ரை பேரையும் சொன்னனான். அண்டைக்கு நிண்ட முதலியார் அதைத் துரைக்குச் சொல்லேல்லை."

பிறகு அந்தப் பெயரைச் சொன்னான்.

"என்னடா, முதலியாருக்கு நித்திரையோ?" என்றான் அன்புராஜா. யூரிமார் சிரித்தார்கள். வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

நான் ஆங்கிலத்தில், "சுற்றவாளி என்கிறான், பிரபு" என்று மட்டும் சொன்னேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரமான, காய்த்துப்போன உள்ளங்கை.

"முழுக்கச் சொல்லுங்கோ, ஐயா."

நான் சொல்லவில்லை. யூரிமார் தங்களுக்கு எழுதிக் கொடுத்தபடி குற்றவாளி என்றார்கள். மாஸ்ரர் வெறுங்கூண்டுக்குத் தூக்குத் தீர்ப்பை வாசித்தார். கூண்டின் கம்பி மெல்ல நடுங்கியதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து விடுதியிலும் அந்தக் குரல்தான். சாப்பிடும்போதும், முகம் கழுவும்போதும். மிரட்டுவதில்லை, அண்ணை. கெஞ்சுகிறது. எனக்கு நித்திரையில்லை. சீவரத்தினத்திடம் சொன்னேன். "காய்ச்சல் போலை கிடக்கு, மல்லி அவிச்சுக் குடி" என்றான்.

வருகிற சனிக்கிழமை ஊர்ச்சனத்தின் முன்னால் வழக்கு நடக்கிறது. தங்கச்சி பத்மாசினியைப் பெண் கேட்டு வந்திருக்கிற மாப்பிள்ளை வீட்டாரும் வருவார்களாம். அந்தப் பெயரை நான் சபையில் சொன்னால் தங்கச்சியின் கலியாணம் அன்றோடு நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவனை இன்னொருமுறை தூக்குகிறோம்.

அது யாருடைய பெயர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிற படத்தைப் பாருங்கள். எங்களைப் பெற்ற ஐயாவிடம் பதமாகக் கேட்டு, உண்மையோ பொய்யோ, வெள்ளிக்கு முன் எனக்கு எழுதுங்கள்.

தம்பி,
பஞ்சலிங்கம்

பி.கு.: கடிதத்தை மடித்தபோது பின்னாலிருந்து, "என்ன எழுதினியள், ஐயா? எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று கேட்டது. மறுக்க எனக்குத் தென்பில்லை. முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தேன். கடைசி வரி வரை கேட்டது.

"நீங்களும் பேரை விட்டிட்டியள்."

அவ்வளவுதான் சொன்னது. இப்போதும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. தபால்காரர் வாசற்படலையில் மணியடிக்கிறார், ஒட்டிக் கொடுக்கப்போகிறேன். உறையின் வாயை நான் இன்னும் நனைக்கவில்லை, அண்ணை. அது ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது. கள் மணக்கிறது.