மூழ்கிய படகின் விறகு

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அறை மட்டும் சூடாகவில்லை.

டுகால்டுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பாய்மரப் படகின் வயிற்றுக்குள் முட்டியோடு முட்டி இடிக்கிற சிற்றறை. அதன் மூலையில் பானை அளவே உள்ள இரும்புக் கணப்பு. உள்ளே தழல் சீறுகிற சத்தம், புகைப்போக்கி சூடேறி முறுகுகிற சத்தம், பழைய தார் உருகும் வாசம் எல்லாம் இருந்தும், அதன்முன் கையை நீட்டினால் ஐஸ் போட்ட மீன்பெட்டியைத் திறந்ததுபோல் ஜில்லென்று அடித்தது. மணி நாலுதான். அந்த வடகோடித் தீவின் டிசம்பர் மாதத்துத் துறைமுகம் அதற்குள் இருண்டுபோயிருந்தது.

முன்பக்கத்துப் படுக்கையில் அவன் மனைவி இஷ்பெல் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாள். அவனை விடுங்கள் கண்ணுகளா, அவளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்று, குடியிருக்க இந்தப் படகை வாங்கியது அவன். அதில் நடுங்கியது அவள். இன்னொரு ராத்திரிக் குளிரை அவள் உடம்பு தாங்காது.

கரி தீர்ந்துவிட்டதால்தான் அவன் மதியம் கரைக்குப் போய், உடைந்து கிடந்த படகிலிருந்து பலகைகளைப் பெயர்த்து வந்தான். பக்கத்துப் படகுக்காரி பெய்கி பார்த்துவிட்டாள்.

"அத எடுத்த எடத்துலயே போட்டுடுப்பா. மூணு பேரு அந்தப் படகோட முழுகிப் போனாங்க. அந்த மரத்த இங்க யாரும் அடுப்புல வைக்க மாட்டோம். எங்கிட்ட அரை மூட்ட கரி கெடக்கு, எடுத்துக்க."

"ஏன், செத்தவனுங்க வந்து குளிர் காய்வானுங்களா?"

"சிரி, நல்லாச் சிரி. கிளாஸ்கோ பட்டணத்துக்காரனுக்குச் சிரிக்க மட்டும் காசு வேணாம்."

"மரம்னா மரம், பெய்கி. உங்க தீவுல வெறகுக்குப் பஞ்சமில்ல, மூளைக்குத்தான்."

படகில் விசிலடிக்கக் கூடாது, பன்றி என்ற பேரை எடுக்கக் கூடாது, அபசகுனம் என்று சொல்லித் திரிகிற மீன்நாற்றக் கூட்டம்! அவர்களுடைய கரி அவனுக்கு வேண்டாம். இப்போது இன்னொரு பலகையைத் திணித்தான். தழல் நீலமாக எழுந்தது. குளிர் கூடியது.

அப்போது படகு சாய்ந்தது.

யாரோ ஏறினால் சாய்வதுபோல, மெல்ல. ஆனால் ஓதம் இறங்கி, துறையில் தண்ணீர் வற்றிப்போய் ஒரு மணி நேரம் ஆகிறது. படகின் அடி சேற்றில் புதைந்து உட்கார்ந்திருக்கிறது. அது அசையாது.

மறுபடி சாய்ந்தது. மறுபடியும்.

"யாரது? பெய்கி, வெளையாடுறியா?"

இந்தத் துறையில் குரல் கொடுக்காமல் யாரும் அடுத்தவர் படகில் ஏறுவதில்லை. மேல்கதவும் திறக்கவில்லை. இருந்தும், கணப்பை ஒட்டிய பெஞ்சின் மெத்தை ஓரிடத்தில் அமுங்கியது. பக்கத்தில் இன்னொரு இடம். அதற்கும் பக்கத்தில்.

நனைந்த கம்பளி நாற்றம்.

காலிப் பெஞ்சிலிருந்து ஆவி எழுந்தது. ஈரத்துணி காய்கிறபோது எழுமே, அதே ஆவி. மூன்று இடங்களில்.

கணப்பின் காற்றுத் துளையைப் பதறி அடைத்தான். நெருப்பு அடங்கவில்லை. இஷ்பெல். இஷ்பெலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முன்பக்கம் பாய்ந்து கம்பளியைப் பிடித்தான்.

சொதசொதவென்று ஈரம். படுக்கையில் ஆள் இல்லை.

"சத்தம் போடாத, டுகால்ட்."

பின்னாலிருந்து. திரும்பினான்.

பெஞ்சில் அந்தப் பள்ளங்களுக்கு நடுவே, தோளை ஒடுக்கிக்கொண்டு, நெருக்கியடித்து இஷ்பெல் உட்கார்ந்திருந்தாள். கைகளை நெருப்பை நோக்கி நீட்டியிருந்தாள். அவள் தலைமுடியிலிருந்தும் ஆவி எழுந்தது.

"மிச்சப் பலகையையும் போடு," என்றாள். "நாங்க இன்னும் காயல."

சொல்லி முடித்த பிறகும் அவள் வாய் மூடவில்லை. அதிலிருந்து கடல்நீர் வந்துகொண்டே இருந்தது.