மூன்று படுக்கை, ஒரே கிருமி

"என் தம்பிக்கு இதய ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு, டாக்டர். முடிஞ்சதும் என் வார்டுக்குத்தான் கொண்டுவருவாங்க. அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் கொடுங்க."

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் ஆய்வக வாசலிலேயே நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

அவருடைய வார்டில் மூன்று பேருக்கு, மருத்துவமனையில் சேர்ந்த பிறகு நுரையீரலில் ஒரே கிருமி தொற்றியிருந்தது. ஒரேயொரு மருந்தைத் தவிர வேறெதற்கும் அது மசியவில்லை.

கிருமியியல் மருத்துவர் நிதானமாக எழுந்தார். அவருடைய உதவியாளன் அதற்குள் பெட்டியோடு பாதிப் படி ஏறிவிட்டான். ஆய்வகத்தில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர்.

வார்டு பளபளத்தது. அவசரம் கை கழுவிவிட்டு வந்து, "யாரோ கை கழுவாமத் தொட்டிருக்காங்க சார், அவ்வளவுதான்," என்றான்.

தலைமை நர்ஸுக்குச் சுருக்கென்றது. "கழுவிக் கழுவி எங்களுக்குத் தோலே உரிஞ்சுபோச்சு, தெரியுமா?"

"இந்த வார்டுல இருக்கிற ஆறு பேருக்கும் சுவாசக் கருவி இருக்கு. மூணு பேருக்கு மட்டும் ஏன்?" என்றார் மருத்துவர்.

"அந்த மூணு பேருக்குத்தான் நெபுலைசர். மருந்தும் கப்பும் புதுசு. இங்கதான் கலக்குறோம்." வாஷ்பேசினை ஒட்டிய மேடையைக் காட்டினார்.

மருத்துவர் அவசரத்தின் சட்டையைப் பார்த்தார். "கையைத்தானே கழுவினே? வயிறு ஏன் நனைஞ்சிருக்கு?"

மேடைமேல் வெள்ளைத் துணியை விரித்தார். பேசின் துளைக்குள் நீலச் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நேராகத் துளையின்மேலேயே விழுந்து தெறித்தது. துணியெங்கும் நீலப் பொட்டுகள்.

"மிச்சமாகுற ஆன்டிபயாடிக் மருந்தை இதுலதான் ஊத்துறீங்களா?"

"ஆமா..."

"துளைக்குள்ள வழவழன்னு ஒரு படலம் இருக்கும். கிருமிக்கு அதுதான் வீடு. ஆன்டிபயாடிக் விழ விழ, அதுக்கு அசராதது மட்டும் பெருகும். குழாயைத் திறந்தா அதோட துளி கப்புல தெறிக்கும். நெபுலைசர் அதைப் பனியாக்கி நேரா நுரையீரலுக்கு அனுப்பிடும்."

"அப்ப நாங்க கழுவக் கழுவ..."

"கழுவினது தப்பில்ல. பக்கத்துல கலக்கினதுதான் தப்பு." துளையைப் பஞ்சால் துடைத்து எடுத்தார். "இதுல அதே கிருமியான்னு வளர்த்துப் பார்த்தாத்தான் உறுதி. அதுக்கு நாளாகும்."

லிஃப்ட் திறந்தது. ஸ்ட்ரெச்சரில் தம்பி, வாயில் குழாயோடு.

தலைமை நர்ஸ் ஓடிப்போய்ச் சக்கரத்தை மறித்தார். "இங்க வேண்டாம். மேல்மாடி வார்டுக்குத் தள்ளுங்க."

"நீங்க கூட வரலையா, சிஸ்டர்?" என்றார் ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவர்.

தம்பியின் நெற்றியை ஒருமுறை தொட்டார். "உள்ள ஆறு பேர் இருக்காங்க," என்று திரும்பி நடந்து, மேடையிலிருந்த கப்புகளை ஒன்றுவிடாமல் குப்பையில் தள்ளினார்.