பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம்

"என் தங்கச்சிதான் ஒயரைப் பிடுங்கினா சார். அதை மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க," என்றான் வந்தவன். கணினி நிரல் எழுதுவது அவன் வேலை. அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அவருடைய உதவியாளப் பெண்ணுக்குக் 'குடைச்சல்' என்று ஏன் பெயர் வந்தது என்பதை அவள் கேட்கும் கேள்விகளே சொல்லும். இருவரும் அவன் வீட்டுக்குப் போனார்கள்.

கீழே, அப்பாவின் கட்டிலருகே நாடித்துடிப்பை அனுப்பும் சின்னப் பெட்டி. மாடியில் அதைக் கேட்கும் மகனின் கணினி. பெட்டி நின்றால் மாடியில் மணி அடிக்க வேண்டும். அன்று தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள்; அண்ணன் மாடியில் இருந்தான். திரும்பியபோது பெட்டி அணைந்திருந்தது, அப்பா உயிரோடு இல்லை. மாடித் திரையில் 'கேட்கிறேன்' என்றே இருந்தது. மணி அடிக்கவே இல்லை.

"போன் சார்ஜ் போட அந்தப் பெட்டியோட பிளக்கைத்தான் பிடுங்குவா," என்றான் அண்ணன்.

"அன்னிக்கு நான் தொடவே இல்லண்ணா." அழுது ஓய்ந்த குரல்.

"அப்பா தொட்டிருப்பாரோ?" என்றாள் குடைச்சல்.

"மாட்டார். 'அணைக்கிற பொத்தான்ல கை வெச்சுடாதீங்கப்பா, பெட்டி நின்னா நான் அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்துடுவேன்'னு சொல்லி வெச்சிருந்தேன்."

நிதானம் கணினியின் மேல் கை வைத்துப் பார்த்தார். கொதித்தது. உள்ளே விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"அன்னிலேர்ந்து. அணைக்க மனசு வரல சார்."

"பெட்டி அனுப்பறதை உங்க நிரல் படிக்கும்போது பூஜ்யம் வந்தா என்ன செய்யச் சொல்லியிருக்கீங்க?"

"பூஜ்யம்னா இன்னும் ஒண்ணும் வரலன்னு அர்த்தம். மறுபடி படிக்கச் சொல்லியிருக்கேன்."

"அங்கதான் தப்பு தம்பி. ஒண்ணும் வரலன்னா நிரல் சும்மா காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். பூஜ்யம் வந்தா, அந்தப் பக்கம் இணைப்பை மூடியாச்சுன்னு அர்த்தம். 'வெச்சிடறேன்'னு சொல்லிட்டு போனை வெச்சவங்ககிட்ட உங்க நிரல் 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு மூச்சு விடாம கேட்டுக்கிட்டிருக்கு. அதான் கொதிக்குது."

"ஒயரைப் பிடுங்கினாலும் அப்படித்தானே ஆகும்?" குடைச்சல் விடவில்லை.

"ஆகாது. பெட்டி பொசுக்குனு செத்துப்போனா, 'வெச்சிடறேன்'னு சொல்ல அதுக்கு நேரம் ஏது? நிரல் பேசாம காத்திருக்கும், கணினியும் சூடாகாது. பொத்தானை அழுத்தி முறையா நிறுத்தினாத்தான் பெட்டி அப்படிச் சொல்லிட்டுப் போகும். உங்க தங்கச்சி எதையும் பிடுங்கல."

"அப்போ அப்பாவா? வீட்ல வேற யாரும் இல்லையே. அதுல கை வெச்சா நான் ஓடி..."

தங்கை வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவனைக் கூப்பிட்டிருக்கிறார். மகன் சொல்லிக்கொடுத்த ஒரே வழியில் கூப்பிட்டிருக்கிறார்.

வெகுநேரம் கழித்து அவன் அந்த வரியைத் திருத்தினான். பூஜ்யம் வந்தால் படிப்பதை நிறுத்து, மணியை அடி. நிரலை மறுபடி ஓட்டினான். விசிறி அடங்கியது.

"நான் போய் பெட்டியைப் போட்டு, மறுபடி பொத்தானை அழுத்தி நிறுத்திப் பார்க்கறேண்ணா," என்று தங்கை கீழே இறங்கிப் போனாள்.

மணி அடித்தது.

சோதனைதான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, படிகளில் தடதடவென்று ஓடினான். வெறுங்கட்டில் அருகே தங்கை பெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவன் கட்டிலைப் பார்த்து, மூச்சு வாங்க, "வந்துட்டேன்பா," என்றான்.