கருவியில் பழுதில்லை

2089 நவம்பர் 28, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தூத்துக்குடியில் வெப்பநிலை இருபத்தைந்து பாகை. வடகிழக்கிலிருந்து மெல்லிய தூறல். அந்தத் தூறலைப் பற்றி நகரம் முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தவள் செண்பகவடிவு. துறைமுகக் குரலோடையில் கடலேற்ற அறிக்கை வாசிப்பது அவள் வேலை. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறும் என்பதை அவள் வாயால் கேட்காமல் அந்த ஊரில் யாரும் வாசற்கதவைத் திறப்பதில்லை. மூன்றாம் மாடி வீட்டில் அவள் கணவர் மாசிலாமணி கணினியின் முன் அமர்ந்து பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

அறிக்கை முடிந்ததும் பதிவை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டார். காலக்கோடு நகர்ந்தது, அலைவரை தட்டையாகக் கிடந்தது. நான்கு நிமிடம் இருபது விநாடி மௌனம்.

அவர் பதறவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகப் பதிவுப் பழுது ஆய்வாளராக இருப்பவர் மௌனத்தைக் கண்டு பதற மாட்டார். பதிவு உள்ளீடு ஒலிவாங்கிக்கு மாறிக் கிடக்கிறதா என்று பார்த்தார். இல்லை, கணினி ஒலிப்பதையே பதியும்படிதான் இருந்தது. மியூட் இல்லை. சாம்பிள் ரேட் இரு பக்கமும் ஒத்திருந்தது. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினார். சோதனைச் சீழ்க்கையை ஓடவிட்டுப் பதிந்தார். அது துல்லியமாகப் பதிந்தது. ஆய்வாளர் கையேட்டில் படிகள் பதினான்கு. முதற்படி, கணினிப் பெட்டியின் முத்திரை யார் பெயரில் இருக்கிறது என்று குரல் பதிவகத்தில் சரிபார்ப்பது. பெட்டியை வாங்கியும் விற்றும் குழப்பிக்கொள்ளும் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட படி அது. தம் வீட்டில் அவர் இரண்டாம் படியிலிருந்து தொடங்கினார்.

பதினான்காம் படிவரை பழுதில்லை. எஞ்சிய காரணம் ஒன்றே. அதை அவர் ஆயிரம் வீடுகளில் அறிந்திருந்தார். ஒரு வீட்டிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து நாற்பதுகளில் களவுக் குரல்கள் பெருகின. இல்லாத மகன் தாயிடம் அழுதான். இறந்த முதலாளி வங்கிக்கு ஆணையிட்டார். அதன்பின் வந்தது குரல் காப்புச் சட்டம். அன்றுமுதல் எவர் குரலையும் எவரும் கேட்கலாம், வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரும் தம் குரலுக்கு ஒரே ஒரு காப்பாளரை நியமிக்கலாம். அந்த ஒருவரின் பெயரில் முத்திரையிட்ட ஒரே ஒரு பெட்டியில் மட்டுமே அக்குரல் பதியும். மற்றக் கணினிகள் குரலை அடையாளம் கண்டு, அது இருக்க வேண்டிய இடத்தில் மௌனத்தை எழுதிவைக்கும். தம் காப்பாளர் யார் என்று எவரும் சொல்வதில்லை. கேட்பது, கணவன் மனைவிக்கிடையிலும், அநாகரிகம். பதியவில்லை என்று அழைப்பவரிடம் ஆய்வாளர் ‘கருவியில் பழுதில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துகொள்வார். காப்பாளர் வேறொருவர் என்பதே அதன் பொருள். அதைப் படிப்பவரின் முகத்தைப் பாராமலிருப்பது தொழில் மரியாதை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி வடிவின் குரல்வளையை அகற்றுவதாக இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, குரல் மட்டும் இருக்காது என்றார் மருத்துவர். இருபத்தொன்பது ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்த குரலைப் பதிந்துவைக்க வேண்டுமென்று மாசிலாமணிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. பதினொரு நாள் இருந்தது.

ஒன்பது மணிக்கு வடிவு வீடு திரும்பினாள்.

“பதிஞ்சுதா?” என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“ம்.”

“போட்டுக் காட்டுங்களேன். கடைசியில ஒரு இருமல் வந்துட்டு, கேட்டுச்சா?”

“இட்லி ஆறுது.”

“எம்மா, கேட்டா குறைஞ்சா போவும்? சரி, நீங்களே ஒளிச்சு வச்சுக் கேளுங்க.”

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பதியாது என்று தெரிந்தே கேட்கிறாள் என்று மாசிலாமணி முடிவுசெய்தார். அந்த முடிவுக்கு வந்தபின் அவளுடைய சிரிப்பின் ஒவ்வொரு பகுதியும் அதற்குச் சான்றாகப் பொருந்தியது.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மாடிப்படியில் இறங்கியவர் முதல் மாடியில் நின்றார். ஜெர்வாஸ் மச்சாதுவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து வடிவின் குரல் வந்தது. “கடற்கரைச் சாலையில் ஏழு மணிக்கு முழங்கால் அளவு...” வடிவோ அப்போது மேலே உறங்கிக்கொண்டிருந்தாள். அறிக்கை முடியும் இடத்தில் ஓர் இருமல். திங்கட்கிழமை இருமல்.

மச்சாது துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டி; மனைவியை இழந்தவர், மீசையை இழக்காதவர். மூன்றாண்டுக்கு முன் மாசிலாமணி புதுக் கணினி வாங்கியபோது பழையதை அவருக்குத்தான் கொடுத்தார்.

“வாங்க அண்ணாச்சி, ஏன் வெளிய நிக்கிய? டீ குடிப்போம்.”

“இது நேத்தைய அறிக்கை.”

“ஆமா. எல்லா நாளும் இருக்கு. விடியக்காலம் நான் கடலுக்குள்ள கிடப்பேன், கேக்க முடியாதுல்லா? தானாப் பதியுத மாதிரி வச்சிருக்கேன். அக்கா குரலைக் கேட்டாத்தான் சோறு இறங்குது, போங்க.”

“எல்லா நாளும்.”

“ஒரு நாள் விடல! பொது அறிக்கைதான, எல்லாருக்கும் பதியுமே.”

எவ்வளவு அப்பாவித்தனமான பொய் என்று மாசிலாமணி வியந்தார். டீயை மறுத்துவிட்டுப் படியேறினார். வடிவு கீழே கொடுத்தனுப்பிய மீன்குழம்புக் கிண்ணங்கள் நினைவுக்கு வந்தன. கிண்ணம் திரும்பி வரும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று பேசியதும், அப்பேச்சு தமக்குக் கேட்காத அளவில் இருந்ததும் நினைவுக்கு வந்தன. அந்தப் பெட்டி எப்படிப் பதிகிறது என்று அவர் தொழிலில் எவரும் முதலில் கேட்கும் கேள்வி மட்டும் நினைவுக்கு வரவில்லை. தம்மிடம் இல்லாத ஓர் இருமல் அவனிடம் இருந்தது. அதற்குமேல் அவரால் எதையும் நினைக்க இயலவில்லை.

சட்டத்தின் பதினேழாம் பிரிவின்படி கணவனோ மனைவியோ காப்பாளர் நியமனத்தின்மீது ஆட்சேபம் தரலாம். தந்தால் நியமனம் ரத்தாகும். அதன்கீழ் பதிந்தவை அனைத்தும் ஊமையாகும். குரலுக்குரியவர் புதிதாகக் கையொப்பமிட்டு ஒருவரை நியமிக்கலாம். அது இருபத்தொரு நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

இருபத்தொரு நாள். ஒன்பதாம் தேதி அதற்குள் வந்துவிடும். தமக்குக் கிடைக்காது என்பதைக் கண்டுகொள்ள அவருக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. ஆனால் அவனிடமும் இருக்காது. படிவத்தின் காற்புள்ளிகளைக்கூட இருமுறை சரிபார்த்த பிறகே அனுப்பினார்.

டிசம்பர் 3, சனிக்கிழமை, பிற்பகல். மச்சாது மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“அண்ணாச்சி, பெட்டி மக்கர் பண்ணுது. அக்காவோட அறிக்கை ஒண்ணுலயும் சத்தமே இல்ல. நீங்க கொஞ்சம் வந்து பாக்கணும்.”

மாசிலாமணி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இந்தப் படிகளில் இவ்வளவு இலகுவாக அவர் இறங்கியதில்லை. மச்சாதுவின் மேசைமுன் அமர்ந்து கையேட்டைத் திறந்தார். அது பிறர் வீடு. ஆதலால் வழக்கப்படி முதற்படியிலிருந்து தொடங்கினார்.

திரையில் பதிவகத்தின் விடை வந்தது. முத்திரைக்கு உரியவர்: ச. மாசிலாமணி. பெயர் மாற்றிய நாள்: இல்லை.

அவர் எண்ணை மறுபடி தட்டினார். அதே விடை. மூன்றாண்டுக்கு முன் இந்தப் பெட்டியைத் துடைத்து, வயர்களைச் சுருட்டி, தம் கையாலேயே இங்கே இறக்கிவைத்தது நினைவிருந்தது. முத்திரையைப் புதுக் கணினிக்கு மாற்றியது நினைவில்லை. மாற்றியிருப்போம் என்ற நிச்சயம் மட்டுமே நினைவிருந்தது.

“மூணு வருஷ அறிக்கை, அண்ணாச்சி,” மச்சாது பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். “ஒம்போதாம் தேதிக்கு அப்புறம் உங்ககிட்ட குடுக்கணும்னு தேதி போட்டு அடுக்கி வச்சிருந்தேன். வீட்டுல நீங்க பதிஞ்சிருப்பிய, ஆனாலும் பழசுன்னா ஆசையா இருக்கும்லா? திரும்பக் கொண்டாந்திரலாமா?”

மாசிலாமணி அறிக்கைத் தாளில் ‘கருவியில் பழுதில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். இம்முறை மச்சாதுவின் முகத்தைப் பார்த்தார். அதில் குழப்பத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

மேலே வடிவு உணவு மேசையில் அமர்ந்திருந்தாள். முன்னால் பதிவகத்தின் ஆணை பிரிந்து கிடந்தது. அதன் இரண்டாம் வரியை அவரால் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. ரத்தான காப்பாளர்: கணவர், ச. மாசிலாமணி. மூன்றாம் வரி: ஆட்சேபித்தவர்: கணவர், ச. மாசிலாமணி.

“ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கே, அச்சுப்பிழையோன்னு பாத்தேன்,” என்றாள். “பதியுதுன்னு சொன்னீங்க.”

“பதியல.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே. கல்யாணமான மறு வாரம் எழுதிக் குடுத்தது. சொல்லியிருக்க மாட்டனா?”

“கேக்குத வழக்கமில்லையே.”

“சந்தேகப்படுத வழக்கம் மட்டும் இருக்கோ?” அவள் குரல் உயரவில்லை. உயர்த்தக் கூடாது என்று மருத்துவர் இரண்டு வாரமாகச் சொல்லிவந்தார். “யாருன்னு நெனச்சீங்க?”

அவர் கண்கள் தரையை நோக்கின. தரைக்குக் கீழே இரண்டு மாடி தள்ளி என்ன இருக்கிறது என்று வடிவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

“மச்சாதா!” சிரிப்பு வந்தது; அது இருமலில் முடிந்தது. இருமல் ஓயும்வரை அவர் தண்ணீர்க் குவளையுடன் நின்றார். அவள் வாங்கிக் குடித்தாள்.

ஆணையுடன் வந்த வெற்றுப் படிவத்தை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இருபத்தொரு நாளா?”

“ஆமா.”

“இருபத்துநாலாம் தேதி.”

“ஆமா.”

“அதுக்கு முன்னால மாத்த ஏதாவது வழி இருக்கா? உங்களுக்குத் தெரியாத பிரிவு இருக்காதே.”

“இல்ல, வடிவு.”

அவள் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். அறிக்கை வாசிப்பது போலவே எழுதுவாள். ஒரு சொல்லும் அடுத்ததன்மேல் ஏறாது. நிரப்பிய படிவத்தைப் பெற்றுப் பதிவகத்தில் சேர்ப்பது ஆய்வாளரின் கடமை. சேர்க்குமுன் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் சரிபார்க்க வேண்டும். ஆகவே மாசிலாமணி மேசையின் எதிர்ப்புறம் நின்றபடி தலைகீழாகப் படித்தார். குரலுக்குரியவர்: செ. செண்பகவடிவு. காப்பாளர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“வேற யாரு பேரையாவது எழுதணுமா? சொல்லுங்க, எழுதுதேன்.”

அவர் தலையசைத்து மறுத்தார். அவள் அவர் பெயரை எழுதினாள். உறவு: கணவர். நடைமுறைக்கு வரும் நாள்: 2089 டிசம்பர் 24. கீழே கையொப்பமிட்டு, மை காயும்வரை காத்திருந்து, தாளை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க,” என்றாள். “பழுது ஒண்ணும் இல்லல்லா?”

மாசிலாமணி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.