அக்காவின் பஸ்ஸர்

மேசைமேல் கிடந்த பஸ்ஸர் கத்தியது. அதன் இரண்டு கால்களிலும் வயர் இல்லை.

குகன் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தான். மாலை ஐந்து மணிக்கே செந்தூல் வட்டாரம் மழையில் இருண்டிருந்தது. நனைந்த சிமெண்டு வாடையும், உருகிய ஈயத்தின் புகையும், அக்காவின் காரியமெல்லாம் முடிந்த பிறகும் அந்த ஃபிளாட்டை விட்டுப் போகாத தைல வாசமும் கலந்து மூச்சில் ஏறின. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆக்டிவ் பஸ்ஸருக்குப் புரோகிராம் எதுவும் வேண்டாம். மூன்று வோல்ட் கொடுத்தால் தானாக ஒரே சுருதியில் கத்தும். ஆனால் அந்த மூன்று வோல்ட் வேண்டும்.

அக்கா நல்லம்மாளுக்காகச் செய்தது அது. பக்கவாதத்தில் அவளுக்குப் பேச்சு போய் இடது கை மட்டும் மிஞ்சியபோது, கட்டிலோரம் ஒரு பட்டனும் ஹாலில் இந்தப் பஸ்ஸரும் மாட்டினான்.

"கூப்பிடணும்னா அமுக்குக்கா, ஓடி வரேன்."

அவள் பாதி முகத்தில் சிரித்தாள். பிறகு அமுக்கிக்கொண்டே இருந்தாள். தண்ணீருக்கு, ஃபேனுக்கு, சில நேரம் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு மட்டும். போர்ட் கிள்ளான் கிடங்கில் இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு மத்தியானம், அவன் பஸ்ஸரின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கினான்.

எழுந்து போனபோது அவள் கட்டைவிரல் பட்டன்மேல் விறைத்திருந்தது. உதட்டில் நுரை காய்ந்திருந்தது. விரலை விலக்கினான். வயரைத் திரும்பச் செருகினான். வேலையிலிருந்து ஓடிவந்த மனைவி உஷாராணியிடம், "அக்கா பெல்லே அடிக்கலை" என்றான்.

"உங்கமேல என்னங்க தப்பு" என்று அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டான்.

இப்போது மேசைமேல் கத்திக்கொண்டிருந்த பஸ்ஸரைத் தொட்டான். வண்டு போல விரலுக்கடியில் அதிர்ந்தது. குறடால் நசுக்கினான். கறுப்புக் கூடு நொறுங்கி, உள்ளிருந்த பித்தளைத் தகடு மடங்கியது.

சத்தம் நிற்கவில்லை.

காதைப் பொத்தினான். கூடியது. வெளியிலிருந்து வரவில்லை அது.

கதவு திறந்தது. உஷாராணி குடையை உதறினாள்.

"என்னங்க, லைட்டுகூட போடாம உட்கார்ந்திருக்கீங்க?"

"உனக்குக் கேக்கலையா?"

"என்னது? மழைதான் லா." மேசையைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "அக்கா ஞாபகமா?"

அவள் கண்களில் சந்தேகமே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும். இப்போதே. வயரைப் பிடுங்கியது நான்தான் என்று.

வாயைத் திறந்தான்.

பீஈஈஈ...

சொல் வரவில்லை. ஒரே சுருதி. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. வாயை மூடப் பார்த்தான். தாடை மேலே வரவில்லை. மூச்சு தீர்ந்தது. சத்தம் தீரவில்லை.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "பாஸ்! அந்த அலாரத்தை நிறுத்துங்க லா!"

உஷாராணி சுவரோடு ஒட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அவனுடைய திறந்த வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.