சீருக்கு வரி இல்லை

செவ்வாய்க் கோளின் ஒரே மிக்சிப் பட்டறை செண்பகவல்லியுடையது. அந்த மிக்சியைப் போட்டால் மேடையில் நடக்க ஆரம்பித்துவிடும். ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூடியை அழுத்தினால்தான் சட்னி கிடைக்கும். கணவன் மனைவி ஒற்றுமைக்கு உகந்தது என்று அவள் விளம்பரமே செய்திருந்தாள்.

பூமியிலிருந்து ராக்கெட் வர மாதக்கணக்கில் ஆன காலத்தில் இது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பிறகு தாவுவாசல் வந்தது. கோவில்பட்டியில் ஒரு கதவுக்குள் பொருளோ ஆளோ நுழைந்தால், கண் இமைப்பதற்குள் செவ்வாய்க் கதவு வழியே வெளியே வந்துவிடலாம். பூமி மிக்சியும் வந்தது. அது நடக்கவில்லை, விலையும் பாதி. செண்பகவல்லி மனுவோடு கிளம்பினாள்.

விஷயம் செவ்வாய்ப் பேரவைக்குப் போனது.

"வாசலைத் திறந்து விடுங்க," என்றார் வாசல் குத்தகைக்காரர் ஆதிமூலம். "மலிவா வந்தா ஏழை வீட்டுலயும் மிக்சி ஓடும். நமக்கு எது நல்லா வருதோ அதை நாம அங்க விப்போம்."

"நமக்குச் செம்மண் தூசிதான் நல்லா வருது, அண்ணாச்சி. என் பட்டறையை நம்பி எத்தனை வீட்டுல அடுப்பு எரியுது? இது இன்னும் குழந்தைத் தொழில். கையைப் பிடிச்சு நடத்தணும்."

"உங்க குழந்தைதான் தானாவே நடக்குதே, தங்கச்சி."

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பேரவைக்குக் கொட்டாவிதான் வந்தது. கடைசியில் செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் தீர்ப்பு அவள் பக்கம் சாய்ந்தது. பூமிப் பொருள் எதுவானாலும் விலைக்குச் சமமாக வரி.

அவள் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவளுடைய ஒரே மகன் கதிரேசனுக்குக் கோவில்பட்டிப் பெண் பொற்கொடியைப் பேசி வைத்திருந்தாள். சீர்த்தட்டுகள் அந்த வாசல் வழியாகத்தானே வர வேண்டும்?

"சீருக்கு வரி போட்டா விளங்குமா? அதை மட்டும் விட்டுருங்க," என்றாள். பேரவை மொத்தமும் உடனே தலையாட்டியது. அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுவாரமே செவ்வாயில் திரும்பிய பக்கமெல்லாம் நிச்சயதார்த்தம். வெற்றிலை, தேங்காய், மஞ்சள், நடுவே பூமி மிக்சி. பல் போன பிச்சாண்டி, பிரிட்ஜுக்கு ஓர் ஊரிலும் வாஷிங் மெஷினுக்கு இன்னோர் ஊரிலும் பரிசம் போட்டுக்கொண்டார். செண்பகவல்லியின் மிக்சிகள் வாங்க ஆளில்லாமல் சரக்குக் கிட்டங்கியில் தூங்கின.

வேடிக்கை என்னவென்றால், பேருக்குச் செய்த நிச்சயங்கள் பல நிஜக் கல்யாணங்களாகவே முடிந்தன. செவ்வாய்ப் பையன்கள் பிறந்ததிலிருந்து மிக்சியைப் பிடித்தே வளர்ந்தவர்கள். யாரும் சொல்லாமலே அடுப்படிக்கு வந்து நின்றார்கள். பூமிப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். தோழிக்குத் தோழி சொல்லி, மாப்பிள்ளைகள் வாசல் வழியே வரிசையாகப் பூமிக்குப் போனார்கள்.

"நமக்கு எது நல்லா வருதுன்னு இப்பத் தெரியுதா?" என்று ஆதிமூலம் சிரித்தார். செண்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதிரேசன் பட்டுவேட்டி கட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று வாசல் திறக்கவில்லை. ஆதிமூலம் தயங்கித் தயங்கி வந்தார்.

"பூமியில புது உத்தரவு, தங்கச்சி. செவ்வாய் மாப்பிள்ளைக்கு விலைக்குச் சமமா வரியாம்."

"மாப்பிள்ளைக்கு எப்படி விலை போடுவாங்க?"

"அதெல்லாம் நம்ம ஆளுகளுக்குப் பழக்கந்தானே. உங்க பட்டறையை வித்தாலும் கட்ட முடியாது."

செண்பகவல்லி வாசல் கதவைத் தட்டினாள். "இது என்ன அநியாயம்? பிடிச்சவங்க பிடிச்சதை வாங்கிட்டுப் போகட்டும். வாசலைத் திறந்து விடச் சொல்லுங்க, அண்ணாச்சி."

"சொல்லிப் பார்த்தேன். மூணு பையனைப் பெத்த அம்மா ஒருத்தங்க அங்க பேரவையில அழுதுட்டாங்களாம். எங்க பையன்களுக்குப் பொண்ணே கிடைக்கல, இப்பத்தான் அடுப்படிக்கு வாராங்க, கையைப் பிடிச்சு நடத்தணும்னு." கையிலிருந்த தாளை நீட்டினார். "அவங்க பழகுறதுக்கு உங்க மிக்சிதான் வேணுமாம். கிட்டங்கியில இருக்கிற அத்தனையும் அனுப்பச் சொல்லுதாங்க. அதுக்கு வரி இல்லை."

பட்டறை பிழைத்தது. மகன் மாலையோடு மூடிய வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். செண்பகவல்லிக்கு அழுகைதான் வந்தது.

"அந்தப் பையன்க பழகி முடிக்க எவ்வளவு நாளாகும், அண்ணாச்சி?"

ஆதிமூலம் இந்த முறை சிரிக்கவில்லை.

"உங்க குழந்தைத் தொழில் இருபத்தஞ்சு வருசமா வளருதே, தங்கச்சி."